ஒன்பதாம் கைக்குத் திரும்பும் தவளை

கட்டபெட்டு ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட்.
கடைசி மூட்டையை வாட்டு மேடையில் கொட்டிவிட்டு
போஜராஜ் லாரியோடு இறங்கிப் போகிறான்.
இனி இலை வாட வேண்டும்.
அதற்கு நான் செய்ய வேண்டியது
பெரிதாக ஒன்றுமில்லை:
இரண்டு மணிக்கொருமுறை புரட்டு,
ஒரு பிடி அள்ளிக் கசக்கு.
விரித்த கையில் உருண்டை
உடனே அவிழ்ந்தால் பச்சை,
மெல்ல அவிழ்ந்தால் பதம்.

மீதி நேரத்துக்கு
எட்டுப் பேர் உட்காரும் மேசை ஒன்று வைத்திருக்கிறேன்,
உள்ளங்கை அகலத்தில், மூலையில் விரிசலோடு.
என்னைத் தவிர ஏழும் பாட்கள்.

மனிதர்களோடும் ஆடிப் பார்த்தேன்.
விசிறி நின்றுபோய் மூன்றாம் மேடைக்கு ஓடினால்
திரும்புவதற்குள் எனக்காக
எதையோ எடுத்து வைத்திருக்கும் கடிகாரம்.
பாட்களுக்கு அவசரம் கிடையாது.
கட்டைப் பிடித்தபடி விடியும்வரைகூட இருக்கும்,
கொட்டாவி இல்லாமல்.

பதினாலு சீட்டு. ஒன்றை எடு,
மீதியை இடப்பக்கம் தள்ளு.
பந்தியில் சாம்பார் வாளி போல
எல்லாக் கட்டும் சுற்றி வரும்.
நான் முதலில் தொட்ட கட்டு
ஒன்பதாவது எடுப்புக்கு என்னிடமே வரும்,
ஆறு சீட்டோடு.
யாருக்கும் வேண்டாத ஆறு.

அதில் தவளை இருக்கும்.

சதுப்புத் தவளை. பலம் ஒன்று, உயிர் ஒன்று.
செத்தால் இன்னொரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம்,
அவ்வளவுதான் அதன் வித்தை.
பாட்கள் பச்சை இலை ஏஜென்ட்டுகள் மாதிரி,
எடை பார்க்கும், பளபளப்பு பார்க்கும்,
அள்ளி மோந்து பார்க்கத் தெரியாது.
மூன்றாம் இருக்கைக்கு
ஏஜென்ட் நஞ்சுண்டன் பெயரையே வைத்திருந்தேன்.
தங்க ஓரம் தெரிந்தால் போதும் அவருக்கு.

டிராகனை எடுத்துக்கொண்டு
தவளையை பஸ் ஏற்றி விடுவேன்.
போய் வா.
ஏழு ஊர் சுற்றி, ஒரு கையும் படாமல் வரும்.
நாலு மாதம் இப்படி.
தவளைகளை வைத்துக்கொண்டு
எத்தனை இரவு ஜெயித்தேன் என்று
டிரையரில் நிற்கும் ஃப்ளோராவிடம்கூடச் சொன்னதில்லை.
எனக்கு வேண்டியது
இன்னொருவருக்கு வேண்டாததாக இருப்பதில்
ஒரு கஞ்சத்தனமான நிம்மதி.

ஐப்பசியில் ஒரு வியாழன்.
ஓரசோலைப் பக்கமிருந்து ஏறிய மூடுபனி
ஜன்னல் கம்பிக்கு இந்தப்புறம் வந்து நின்ற இரவு.
தவளையை அனுப்பினேன். எண்ணினேன்.
ஒன்பது.
வரவில்லை.

சில்லறை குறைந்தவள் மாதிரி
ஆறையும் இரண்டு முறை பார்த்தேன்.
அடுத்த கட்டிலும் இல்லை.
மூன்றாவதில் வேண்டுமென்றே இரண்டை அனுப்பினேன்,
இரண்டையும் விழுங்கியிருந்தது மேசை.

அப்டேட் குறிப்பில் ஒற்றை வரி கிடந்தது:
ஆட்டக்காரர்கள் எடுப்பதைப் பார்த்து
பாட்கள் புதிய விலை கற்றிருக்கின்றன.

யார் எடுத்ததைப் பார்த்து?
ராத்திரி இரண்டு மணிக்குத்
தவளை பொறுக்கிக்கொண்டிருந்தது எத்தனை பேர்?
எங்கெங்கோ சிலர் இருந்திருக்கலாம்,
ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்தபடி.
வாய் காத்த ரகசியத்தை
விரல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கோபம் வந்தது.
அப்புறம், என்ன சொல்ல,
நஞ்சுண்டன் கையில் தவளை உட்கார்ந்திருப்பதை நினைக்க
கொஞ்சம் பெருமையும்.

இன்று முதல் கட்டைத் திறக்கிறேன்.
டிராகன் இருக்கிறது, தங்க ஓரத்தோடு.
தவளையும் இருக்கிறது.
தவளையை எடுத்தேன்.
இத்தனை நாளில் முதல் தடவையாக
அதற்கு விலை கொடுத்தேன்.
டிராகனை பஸ் ஏற்றினேன்.

இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவதில் ஃப்ளோரா கீழிருந்து கத்துகிறாள்:
டிரையர் சூடேறிப்போச்சு, இலை எங்கே?

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மேடைக்கு ஓடுகிறேன்.
டிராகன் யார் கையிலோ, எந்த ஊரிலோ.
எழுவரும் காத்திருப்பார்கள்.
ஒரு பிடி அள்ளிக் கசக்கி
விரலை விரிக்கிறேன்.
அவிழலாமா என்று
யோசிக்கிறது உருண்டை.